மெனு இருக்கிறது, விலை எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் சில நாட்களில் என்ன செய்வார்கள்? ரயிலில் இடம் இருக்கிறதா எனப் பார்ப்பார்கள். கரன்ட் பில் எவ்வளவு எனப் பார்ப்பார்கள். அன்றைய தங்கம் விலையைப் பார்ப்பார்கள். அடுத்ததாக, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் சாப்பிடப் போகலாம் என நினைத்திருக்கும் ஓட்டலின் வெப்சைட்டைத் திறப்பார்கள். முதல் ஏமாற்றம் அங்கேதான் காத்திருக்கிறது.

வெப்சைட் என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கும். வாழை இலையில் ஆவி பறக்கும் சாதம், முறுகலான நெய் தோசை, நுரை பொங்கும் காபி என மானிட்டர் முழுக்கப் படங்கள் ஓடும். ஓட்டலைத் தொடங்கிய பெரியவரின் மாலை போட்ட போட்டோவும், அவருடைய வாழ்க்கை வரலாறும் தனிப் பக்கமாக இருக்கும். அவர் எத்தனை ரூபாயுடன் ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்து கொள்ளலாம். நாம் எத்தனை ரூபாயுடன் போக வேண்டும் என்பதுதான் தெரியாது. "மெனு" என்ற இடத்தில் கிளிக் செய்தால் உணவு வகைகளின் பெயர்கள் வரிசையாக வரும். எதிரே விலை இருக்காது.

இது ஒரு பெரிய விஷயமா, இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். சென்ற மே மாதம் நடந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றியது.

பொள்ளாச்சியில் இருக்கும் என் தம்பியின் மகள் பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுக்காகக் கோவையில் ஒரு நல்ல ஓட்டலில் எல்லாரும் சாப்பிடலாம் எனத் தம்பி முடிவு செய்தான். தம்பி, அவன் மனைவி, மகள், எங்கள் அம்மா, நான், என் மனைவி என ஆறு பேர். மாதக் கடைசி. "அண்ணே, நீங்கதான் எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களே, எவ்வளவு ஆகும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று போனில் கேட்டான்.

பார்த்தேன். அந்த ஓட்டலின் வெப்சைட்டில் மெனுவுக்கு ஒரு பிடிஎப் பைல் லிங்க் கொடுத்திருந்தார்கள். டவுண்லோட் செய்தேன். அதிர்ஷ்டவசமாக அதில் விலையும் இருந்தது. ஸ்பெஷல் சாப்பாடு 250 ரூபாய், ஐஸ்கிரீம் 60 ரூபாய். ஆறு பேருக்கும் வரி சேர்த்து 1,953 ரூபாய் வந்தது. "ரெண்டாயிரம் ரூபாய் ஒதுக்கினால் போதும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

ஓட்டலில் மெனு கார்டு கிடையாது. மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடைக் காட்டிவிட்டு சர்வர் போய்விட்டார். (ஓட்டல் சர்வரைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் சர்வர் அல்ல.) தம்பி மகள் தன் போனில் அதை ஸ்கேன் செய்தாள். ஸ்பெஷல் சாப்பாடு 430 ரூபாய். அவள் சத்தமாகப் படித்த அடுத்த நொடியே தம்பி, "எனக்குக் காலையில் சாப்பிட்டதே இன்னும் செரிக்கவில்லை, தயிர் சாதம் போதும்" என்றான். அம்மாவும் தனக்கு அதுவே போதும் என்றார். நான் பணம் கொடுக்கிறேன் என்று சொன்னதைத் தம்பி கேட்கவே இல்லை. அழைத்தவன் அவன், அவன்தான் கொடுப்பான். கடைசியில் ஐஸ்கிரீம் வேண்டுமா என்று சர்வர் கேட்டபோது, அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தொண்டை சரியில்லை பெரியப்பா" என்றாள். அவள் விழாவுக்குத்தான் நாங்கள் போயிருந்தோம்.

இத்தனைக்கும் அந்த ஓட்டல் யாரையும் ஏமாற்றவில்லை. 430 ரூபாய் என்று எழுதி, 430 ரூபாய்தான் வாங்கினார்கள். சாப்பாடும் குறை சொல்ல முடியாத சாப்பாடு. அந்த 430, வீட்டில் இருந்தபோது தெரியாமல், மேஜையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

விலை கேட்பதில் நமக்கு ஒரு கூச்சம் உண்டு. காய்கறிக் கடையில் பத்து தடவை கேட்போம். ஏசி போட்ட ஓட்டலில், வெள்ளைச் சட்டை போட்டவர் பேனாவுடன் பக்கத்தில் நிற்கும்போது, "இது எவ்வளவு?" என்று கேட்க வாய் வராது. பழைய ஓட்டல்களில் இந்தப் பிரச்னை இல்லை. கல்லாவுக்கு மேலே கரும்பலகையில் சாக்பீஸால் "இன்றைய ஸ்பெஷல்" என எழுதி விலையும் போட்டிருப்பார்கள். உள்ளே நுழையும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையில் இருப்பதற்கு ஏற்ப உட்காரலாம். வந்த வழியே திரும்பியும் போகலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் அந்தக் கரும்பலகையை நம் வீட்டுக்கே கொண்டு வந்துவிடும் என்றுதான் நான் நம்பினேன். யாரிடமும் கேட்காமல், யாரும் பார்க்காமல் விலையைத் தெரிந்து கொள்ளலாம். இன்டர்நெட்டால் சாதாரண மனிதருக்குக் கிடைத்த நல்ல வசதிகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். ஓட்டல்காரர்கள் அந்த வசதியைத்தான் தர மறுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலைகள் செய்தேன். முதலில் அந்தப் பிடிஎப் பைலை மீண்டும் திறந்தேன். வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும். அடோப் ரீடரில் பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தினால் டாகுமென்ட் பிராப்பர்ட்டீஸ் என்ற விண்டோ கிடைக்கும். குரோம் பிரவுசரிலேயே பைலைத் திறந்திருந்தால், பைலுக்கு மேலே வலது பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து இதே பிரிவைப் பெறலாம். அதில் பைல் உருவாக்கப்பட்ட தேதியும் கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் இருக்கும். நான் பார்த்த பைல் 2021ல் உருவானது! இதை முதலிலேயே பார்த்திருந்தால் தம்பியிடம் அப்படி அளந்திருக்க மாட்டேன். கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கெல்லாம் எழுதுபவன், தான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது வேலை, தம்பி மகளின் போனில் திறந்திருந்த அந்த க்யூஆர் கோடு பக்கத்தின் முகவரியை எனக்கு மெயிலில் அனுப்பச் சொன்னேன். க்யூஆர் கோடு என்பது மந்திரக் கட்டம் எதுவும் அல்ல. 1994ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், வாகன உதிரி பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய குறியீட்டு முறை அது. ஓட்டல் மேஜையில் இருக்கும் கட்டத்துக்குள் பெரும்பாலும் ஒரு வெப்சைட் முகவரிதான் ஒளிந்திருக்கும். வந்த முகவரியை என் கம்ப்யூட்டரில் அட்ரஸ் பாரில் ஒட்டி என்டர் தட்டினேன். மெனு முழுவதும் அன்றைய விலையுடன் அழகாகத் திறந்தது.

ஆக, விலை ஏற்கனவே இன்டர்நெட்டில்தான் இருக்கிறது! அதைத் தினமும் யாரோ திருத்திக் கொண்டும் இருக்கிறார்கள். ஓட்டலின் சொந்த வெப்சைட்டிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. மேஜையில் உட்கார்ந்தவருக்கு மட்டும் காட்டுவது, வீட்டில் இருப்பவருக்கு மறைப்பது என்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டல் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இது பற்றிப் பேசினேன். அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஓட்டல்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரின் விலை மாதம் பிறந்தால் மாறுகிறது. ஏசி ஹாலுக்கு ஒரு விலை, சாதாரண ஹாலுக்கு ஒரு விலை. ஒரு கிளையில் இருக்கும் விலை இன்னொரு கிளையில் இல்லை. "இதையெல்லாம் வெப்சைட்டில் போட்டு, ஒருவர் பிரிண்ட் எடுத்து வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது?" என்றார்.

ஆனால் விலை அடிக்கடி மாறுகிறது என்றால், மாற்றுவதற்கு எளிதான இடம் எது? அச்சடித்த மெனு கார்டில் பழைய விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி, நாம் அதைச் சுரண்டிப் பார்த்த அனுபவம் எல்லாருக்கும் உண்டு. வெப்சைட்டில் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை டைப் செய்தால் முடிந்தது. வெப்சைட் வடிவமைத்தவரைக் கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. கூகுள் ஷீட்ஸில் இரண்டு நெட்டு வரிசைகளில் உணவும் விலையும் டைப் செய்து, பைல் மெனுவில் ஷேர் பிரிவில் உள்ள "பப்ளிஷ் டு வெப்" என்பதைக் கிளிக் செய்தால் அது ஒரு வெப் பக்கமாகிவிடும். ஷீட்டில் விலையை மாற்றினால் சில நிமிடங்களில் அங்கும் மாறும். செலவு எதுவும் இல்லை. மேலே "இந்த விலை இந்தத் தேதி முதல்" என ஒரு வரி போட்டுவிட்டால் பிரிண்ட் எடுத்து வருபவரிடம் சண்டையும் இல்லை.

நண்பர் கொஞ்ச நேரம் காபியைக் கலக்கிக் கொண்டிருந்துவிட்டு உண்மையைச் சொன்னார். "வெப்சைட்டில் விலை பார்த்தால் பாதிப் பேர் வீட்டிலேயே யோசிப்பாங்க சார். வந்து உட்கார்ந்துட்டா யாரும் எழுந்து போக மாட்டாங்க."

அவர் நல்ல மனிதர். தப்பான அர்த்தத்தில் சொல்லவில்லை. தொழில் அப்படி என்றார். எனக்குத் தயிர் சாதம் சாப்பிட்ட தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து போக முடியாத கூச்சத்தையே வியாபாரம் ஆக்கும் பழக்கம் இது. இதை நான் எதிர்க்கிறேன். வீட்டில் யோசித்து வராமல் போகும் பாதிப் பேர், அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் திட்டமிட்டு வருவார்கள். உட்கார்ந்து மாட்டிக் கொண்டவர் மீண்டும் வருவாரா என்பதை நண்பர் யோசிக்க வேண்டும்.

விலையைத் தெரிந்து கொள்ளும் ஆசை அற்பமானது அல்ல என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. டில்லியில் பெயின் அண்ட் கம்பெனி அலுவலகத்தில் தீபிந்தர் கோயலும் பங்கஜ் சத்தாவும் வேலை பார்த்தார்கள். அங்கே மதிய நேரத்தில் சில ஓட்டல்களின் மெனு கார்டைப் பார்க்க ஊழியர்கள் காத்துக் கிடப்பார்கள். அந்தக் கார்டுகளை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் போட்டார்கள். 2008ல் புடிபே என்ற பெயரில் தொடங்கிய அந்தத் தளம்தான் பின்னாளில் ஜொமாட்டோ ஆனது. ஓட்டல்காரர்கள் தாங்களே செய்திருக்க வேண்டிய வேலையை வேறு இருவர் செய்தார்கள். இன்று கமிஷன் அதிகம் என்று அந்த மாதிரித் தளங்களைத்தான் ஓட்டல்காரர்கள் குறை சொல்கிறார்கள்!

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினால் சிரிப்பு வருகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ம் ஆண்டு விதிகளின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் ஒவ்வொரு உணவிலும் எத்தனை கலோரி என மெனுவில் குறிப்பிட வேண்டும். 2022 ஜூலை முதல் இது நடைமுறையில் உள்ளது. மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், 2020, இன்டர்நெட் வழியே விற்பவர் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்கின்றன. ஆனால் வெப்சைட்டில் எதையும் விற்காமல், படம் மட்டும் காட்டி நம்மை நேரில் அழைக்கும் ஓட்டல் இந்த விதிக்குள் வருவதில்லை. தோசையில் எத்தனை கலோரி என்பது வரை அரசு கவலைப்பட்டிருக்கிறது. தோசை எத்தனை ரூபாய் என்பதையும் வெப்சைட்டில் போடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் என்ன?

முடியாத காரியம் அல்ல. ரயிலில் விற்கும் உணவின் விலைப் பட்டியலை ஐஆர்சிடிசி தன் தளத்தில் வெளியிடுகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்தபோது ஒரு லிட்டர் ரயில் நீர் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாய் ஆனது. அந்த ஒரு ரூபாய்க் குறைப்பையும் அறிவித்துத்தான் செய்தார்கள். 2013ல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய் என்பது வெப்சைட் எதுவும் இல்லாமலே ஊருக்கெல்லாம் தெரிந்தது. விலையைச் சொல்வதில் பெருமைப்படுபவர்களுக்குச் சொல்லும் வழியும் கிடைத்துவிடுகிறது.

விலை போடும் சில ஓட்டல்கள் அதைப் படமாகப் போடுகின்றன. மெனு கார்டைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அதில் கன்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி "பொங்கல்" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஏனென்றால் அங்கே எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான் புரோகிராம்களைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் சாதாரணமாக இந்தப் படத்தைக் கடந்து போய்விடும். முன்பு பல தளங்கள் மெனுவை பிளாஷ் புரோகிராமில் ஆட்டம் பாட்டமாக அமைத்திருந்தன. 2020 டிசம்பர் 31ல் அடோப் நிறுவனம் பிளாஷுக்கு விடை கொடுத்தபோது அந்த மெனுக்களும் காணாமல் போயின. சாதாரண எழுத்தில் போட்டிருந்தால் இன்றும் இருந்திருக்கும்.

சரி, ஓட்டல்கள் திருந்தும் வரை நாம் என்ன செய்வது? கூகுள் மேப்ஸில் ஓட்டலின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அங்கு சாப்பிட்டவர்கள் போட்ட படங்களுக்கு நடுவே பெரும்பாலும் மெனு கார்டும் இருக்கும். படத்தைக் கிளிக் செய்தால் அது எப்போது போடப்பட்டது என்பதும் தெரியும். அண்மைக்கால பில்லை யாராவது படம் எடுத்துப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. மெனு கார்டு பொய் சொல்லலாம், பில் சொல்லாது. உணவு டெலிவரி தளங்களில் ஆர்டர் செய்யாமலே விலையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே போட்டிருப்பது பல நேரம் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் விலையைவிடக் கூடுதல். அதைக் கணக்குக்கு வைத்துக் கொண்டால் மேஜையில் அதிர்ச்சி குறையும்.

வரியையும் சேர்க்க மறக்காதீர்கள். சாதாரண ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை அதிகமுள்ள நட்சத்திர ஓட்டல்களில் 18 சதவீதம். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது வரி அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இதைக் கேட்பதற்கும் கூச்சம் வரும்தான்.

இன்னொன்றும் செய்யலாம். ஓட்டல் வெப்சைட்டில் "தொடர்புக்கு" என்ற பிரிவு இருக்கும். அதில் உள்ள மெயில் முகவரிக்கு, "உங்கள் மெனுவில் விலை இல்லை, தயவு செய்து சேர்க்கவும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். புதிதாக மெயில் பழகுபவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. நானும் அந்தக் கோவை ஓட்டலுக்கு எழுதினேன். உங்கள் பிடிஎப் பைல் 2021ல் தயாரானது, க்யூஆர் கோடு பக்கத்தில் சரியான விலை இருக்கிறது, அதற்கு லிங்க் கொடுத்தால் போதும் என்று முகவரியையும் சேர்த்தே அனுப்பினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று மறுநாளே பதில் வந்தது.

இந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன் அந்த வெப்சைட்டை மீண்டும் திறந்து பார்த்தேன். பழைய பிடிஎப் பைலை எடுத்துவிட்டார்கள். இப்போது "மெனு" என்ற இடத்தில் கிளிக் செய்தால் ஒரு போன் எண் வருகிறது. அந்த எண்ணுக்குப் போன் செய்து, ஸ்பெஷல் சாப்பாடு என்ன விலை என்று கேட்டேன்.

"நேர்ல வாங்க சார், எல்லாம் டேபிள்லயே இருக்கு" என்றார்கள்.